கிழங்குன்னு பேர் வெச்சது யாரு?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். தலைப்பைப் பார்த்து சேப்பங்கிழங்கு ரோஸ்ட் ரெசிப்பின்னு வந்தவங்க அப்படியே அப்பீட் ஆகிக்கலாம். இது மார்பகம் பத்தின பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்கற கேப்ல படிக்கிறவங்க பின்னாடி யாரு நிக்கறான்னு திரும்பிப் பாக்க வேண்டாம், படம் எதுவும் போடலை :-)

எழுத உக்காந்ததும் முதல் பிரச்சினை வார்த்தை. "முலை"ன்னு எழுதினா சண்டைக்கு வருவாங்க. 2002ல குட்டி ரேவதி தன்னோட கவிதைத் தொகுப்புக்கு அதையே பேரா வெச்சப்ப என்னென்ன ஏச்சு வாங்கினாங்கன்னு இலக்கியம் படிக்கிற மக்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் அவங்க சித்த மருத்துவர். திருவண்ணாமலை போய் உண்ணாமுலை அம்மனைக் கும்பிட்டுட்டு வர்றோம், அந்தப் பேரைப் பொண்ணுங்களுக்கும் வைக்கிறோம், அப்பல்லாம் யாருக்கும் கூசறதில்லை. டாக்டர்கிட்ட போனா மட்டும் "அந்த இடத்துல". எங்கம்மா இருபத்தொன்பது வயசுப் பொண்ணைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட "அவளுக்கு அங்க கொஞ்சம்..."னு இழுத்தாங்க. அந்த "கொஞ்சம்"ங்கறதுக்கு மருத்துவத்துல ஒரு பேர் இருக்குன்னு எனக்குத் தெரிய வந்தது குழந்தை பிறந்து பதினஞ்சாம் நாள்தான்.

பொண்ணு பிறந்தப்ப 2.9 கிலோ. எல்லாக் குழந்தையும் முதல் சில நாள் கொஞ்சம் எடை இறங்கும், ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்குத் திரும்பிடும்னு சொன்னாங்க. பதினாலாம் நாள் எங்க பொண்ணு 2.55. அழக்கூடத் தெம்பில்லாம தூங்கிக்கிட்டே இருந்தா. "எவ்ளோ சமத்துக் குழந்தை"ன்னு பார்க்க வந்தவங்க எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையணும், அவ ரெண்டோ மூணோதான் நனைச்சா. இதையெல்லாம் நான் எக்செல்ல போட்டு வெச்சிருந்தேன். பழக்க தோஷம்.

அந்த ரெண்டு வாரம் ராஜகீழ்ப்பாக்கத்துல எங்க வீட்டுல நடந்ததை ஒரு தனித் தொடராவே எழுதலாம். அத்தை, அதாவது மாமியார், பூண்டை உரிச்சு உரிச்சே விரல் நகம் நாற ஆரம்பிச்சிடுச்சு. பூண்டுப் பால், முருங்கைக்கீரை, வெந்தயக் களி. மூணு நாளைக்கு ஒரு தடவை பால் சுறா புட்டு. நாட்டு மருந்துக் கடையிலேர்ந்து தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் (இந்தக் கிழங்கை ஞாபகம் வெச்சுக்கங்க). மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரருக்குப் பால் அபிஷேகம் வேற வேண்டிக்கிட்டாங்க. பசு வந்து தானாப் பால் சொரிஞ்ச லிங்கம் அது, கபில முனிவர்தான் பசுவாப் பிறந்தார்னு தலபுராணம். கோயில் எங்க வீட்டுலேர்ந்து வண்டியில பத்து நிமிஷம். அத்தை மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவங்களுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் செஞ்சாங்க. எதிர்வீட்டு ஆன்ட்டி தியரிதான் தாங்கலை: "ஏழு வருஷம் லேப்டாப்பை மடியில வெச்சே வேலை பார்த்திருக்கே, சூட்டுல வத்திப்போச்சு." அவ்வ்வ்வ். அப்போ சோழிங்கநல்லூர்ல ஒரு குழந்தைக்கும் பால் கிடைச்சிருக்காதே ஆன்ட்டி!

பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) ஒரு நர்ஸம்மா "படிச்ச பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான், புடிச்சு வைக்கத் தெரியலை, மனசு வெச்சா ஊறும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்த "மனசு வெச்சா" எத்தனை நாள் என்னைத் தூங்க விடலைங்கறதை இங்க எழுதப் போறதில்லை.

பதினஞ்சாம் நாள் வேற ஒரு டாக்டர். பெரியவங்க. முதல்ல குழந்தைக்குப் பவுடர் பால் கொடுக்கச் சொன்னாங்க, இப்பவே, இங்கயே. அதுக்கப்புறம்தான் என்னைப் பார்த்தாங்க. "கர்ப்பமா இருந்தப்ப மார்பு பெருத்துதாம்மா?" இல்லை. "பிரசவம் ஆன மூணாம் நாள் நாலாம் நாள் கட்டிக்கிச்சா, வலிச்சுதா?" இல்லை. ஒரு இன்ச் டேப்பை எடுத்து ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளந்தாங்க. அஞ்சே நிமிஷம். "இது உங்க தப்பு இல்லை. சுரக்கற சுரப்பியே கம்மியா வளர்ந்திருக்கு. டியூபரஸ் பிரெஸ்ட்னு பேரு"ன்னாங்க. அம்மா பக்கத்துல உக்காந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அழுகை வரலை. ரொம்ப நாளாப் பிடிபடாத ஒரு பக்குக்கு லாக்ல கரெக்டா எந்த வரின்னு கண்டுபிடிச்சுக் காட்டினா ஒரு நிம்மதி வருமே, அதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். இந்தப் பேரை வெச்சவங்க தாமஸ் ரீஸ், ஷெரல் ஆஸ்டன்னு ரெண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள், 1976ல எழுதின ஒரு கட்டுரையில. டியூபர்னா கிழங்கு. செடியோட வேர்க்கிழங்கு மாதிரி இருக்காம்! ஆம்பளைங்க பேர் வெச்சா இப்படித்தான். லேகியத்துல கிழங்கு, வியாதிக்குப் பேரும் கிழங்கு. டியூபுலர்னும் சில பேர் எழுதறாங்க, அது குழாய். கிழங்கா குழாயான்னு சாய்ஸ் வேற.

விஷயம் என்னன்னா, பலூனை ஊதறதுக்கு முன்னாடி அதோட வாய்ப் பக்கம் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுட்டு ஊதிப் பாருங்க. அகலமா விரியாது, முன்னாடி நீளும். மார்பகம் வளர்ற வயசுல அடிப்பக்கம் நாலு திசையிலும் பரவணும். சில பேருக்குக் காம்பைச் சுத்தி இருக்கற கருவட்டத்துக்குப் பின்னாடி, நார்த்திசு ஒரு வளையம் மாதிரி இறுகி நிக்குது. முக்கியமா கீழ்ப்பாதி விரிய முடியறதில்லை. அடி குறுகலா இருக்கும், கீழ் மடிப்பு இருக்க வேண்டிய இடத்துக்கு மேல ஏறி நிக்கும், கீழ்ப்பக்கத் தோலும் பத்தாது. உள்ள இருக்கற திசுவுக்கு வேற வழி இல்லாம, தடுப்பு பலமில்லாத ஒரே இடமான கருவட்டத்து வழியா முன்னாடி பிதுங்குது. அதனால கருவட்டம் பெருசா, உப்பலாத் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது அபூர்வம், ஒண்ணு அதிகம் ஒண்ணு கம்மி. பிரான்ஸைச் சேர்ந்த குரோலோங்கற சர்ஜன் 1999ல இதை மூணா வகை பிரிச்சார். கீழ்ப்பாதியில உள்பக்கக் கால்பகுதி மட்டும் வளராம இருந்தா முதல் வகை, கீழ்ப்பாதி முழுசும்னா ரெண்டாவது, நாலு கால்பகுதியும்னா மூணாவது. எனக்கு இடது முதல் வகை, வலது ரெண்டாவது.

ஏன் வருதுன்னு உறுதியா ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படலை. பிரா இறுக்கமாப் போட்டதாலயோ, சின்ன வயசுல சத்தா சாப்பிடாததாலயோ, லேப்டாப்பாலயோ (ஆன்ட்டி!) இல்லை. இது நோயும் இல்லை, வளர்ச்சியில ஒரு வித்தியாசம், அவ்ளோதான். லேசா இருக்கற நிறைய பேருக்குத் தனக்கு இது இருக்குன்னே தெரியாது. தெரியறதுக்கு எங்க வழி? அம்மாவும் பொண்ணும்கூட பேசிக்கறதில்லை. நம்ம ஊர்ல ஒருத்தி தன் உடம்பை எதோட ஒப்பிட்டுப் பாப்பா? கோயில் சிலையோட. அந்த ஸ்தபதிங்க எல்லாம் காம்பஸ் வெச்சு வட்டம் போட்ட ஆளுங்க.

பால் விஷயத்துல ஒண்ணு முக்கியம். இந்த வடிவம் இருக்கற எல்லாருக்கும் பால் வராதுன்னு இல்லை. முழுசா பால் கொடுத்தவங்களும் இருக்காங்க. வடிவத்தைவிட உள்ள எவ்ளோ சுரப்பித் திசு இருக்குங்கறதுதான் கணக்கு. 2000ல அமெரிக்காவுல 34 தாய்மார்களைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு வந்தது. ரெண்டு மார்பகத்துக்கும் நடுவுல ஒன்றரை இன்சுக்கு மேல இடைவெளி, கர்ப்பத்துல அளவு மாறாதது, ரெண்டும் ஒத்துப்போகாதது, இதெல்லாம் எச்சரிக்கைக் குறிகள்னு அதுல சொல்லியிருக்காங்க. எங்க டாக்டர் இன்ச் டேப்பை எடுத்த காரணம் அதைப் படிச்சப்பதான் புரிஞ்சது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்னு எல்லாரும் சொல்றது உண்மைதான். அது சாஃப்ட்வேர். ஹார்ட்வேரே பாதிதான் இருக்குன்னா எவ்ளோ ரெக்வெஸ்ட் அனுப்பினாலும் சர்வர் அவ்ளோதான் கொடுக்கும்.

எனக்குப் பம்ப் வெச்சு அளந்ததுல ஒரு நாளைக்கு 120 மில்லி. நல்ல நாள்ல 140. ஒரு மாசக் குழந்தைக்கு 700, 800 மில்லி வேணும். எக்செல்ல கிராஃப் போட்டேன், செத்தவன் ஈசிஜி மாதிரி நேர்கோடு. ஆனா அந்த டாக்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாங்க. மெல்லிசா ஒரு டியூப், ஒரு நுனி பவுடர் பால் பாட்டில்ல, இன்னொரு நுனி காம்புக்குப் பக்கத்துல டேப் போட்டு ஒட்டியிருக்கும். குழந்தை மார்புல குடிக்கும்போது ரெண்டும் சேர்ந்து வரும். நாலு மாசம் அப்படிக் கொடுத்தேன். 120 மில்லியும் பால்தான், அதை வீணாக்க வேண்டாம்னு அந்தம்மா சொன்ன விதம் எனக்குப் பிடிச்சிருந்தது.

ஒரே ஒரு இம்சை, அந்தப் பவுடர் டின். 1992ல வந்த சட்டப்படி ஒவ்வொரு டின்லயும் தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்ததுன்னு பெரிய எழுத்துல போட்டாகணும். நல்ல சட்டம். அது இல்லாத காலத்துல பவுடர் கம்பெனிகள் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. விடிகாலை மூணு மணிக்குக் கண்ணெல்லாம் எரிய, ஸ்பூன் கணக்குப் பண்ணிக்கிட்டே அந்த வரியைப் படிக்கிறவளுக்கு மட்டும் அது வேற மாதிரி கேக்கும். ரங்ஸ் ஒரு நாள் அந்த வரி மேல டாம் அண்ட் ஜெர்ரி ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தார். எங்க கல்யாண வாழ்க்கையில அவர் செஞ்ச ஆகச் சிறந்த காரியம் அதுதான் (படிச்சுட்டு சண்டைக்கு வராதீங்க ரங்ஸ்).

சரி, அறுவை சிகிச்சை. பொண்ணுக்கு ரெண்டு வயசு முடிஞ்சப்புறம்தான் இதைப் பத்தி யோசிச்சேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எந்த அறுவை சிகிச்சையும் பாலை வரவைக்காது. வடிவத்தை மாத்தும், அவ்ளோதான். அதே மாதிரி எண்ணெய், க்ரீம், மசாஜ், உடற்பயிற்சி எதுவும் அந்த வளையத்தைத் தளர்த்தாது. பேப்பர்ல விளம்பரம் பாத்து காசு விடாதீங்க.

ரெண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தேன். எம்.சிஹெச் இல்லைன்னா பிளாஸ்டிக் சர்ஜரியில டி.என்.பி இருக்கான்னு பாத்துட்டுத்தான் போகணும். தெருவுக்குத் தெரு இருக்கற "காஸ்மெட்டிக் கிளினிக்"ல கத்தியைப் புடிக்கிறது யாருன்னு நமக்குத் தெரியாது. அவங்க விளக்கினதை என் பாஷையில சொல்றேன். கருவட்டத்து ஓரத்துல கீறி உள்ள போய், சுரப்பித் திசுவோட பின்பக்கத்துல சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி நடுவுலேர்ந்து வெளிப்பக்கமாக் கீறி விடறாங்க. இறுகின வளையம் அறுந்து திசு விரியும். மேல ஏறி நிக்கற கீழ் மடிப்பைக் கீழ இறக்கணும். கருவட்டம் பெருசா இருந்தா, அதைச் சுத்தி ஒரு வட்டத் தோலை எடுத்துட்டு சுருக்குப்பை வாயை இழுக்கற மாதிரி தையல் போட்டுச் சின்னதாக்கலாம். பெனெல்லின்னு பாரிஸ்காரர் ஒருத்தர் 1990ல எழுதின முறை அது.

இதெல்லாம் விரிக்கற வேலை. நிரப்பற வேலை தனி. சிலிகான் இம்பிளான்ட் வைக்கலாம். தோல் ரொம்ப பத்தலைன்னா முதல்ல எக்ஸ்பாண்டர்னு ஒரு பையை வெச்சு, வாரக்கணக்குல உப்புத்தண்ணி ஏத்தித் தோலை வளர வெச்சு, அப்புறம் இம்பிளான்ட். இம்பிளான்ட் ஆயுசுக்கும் இருக்கறது இல்லை, பிற்பாடு மாத்த வேண்டி வரலாம்னு ரெண்டு பேருமே மறைக்காம சொன்னாங்க. சுத்தி வடு இறுகிக் கல்லு மாதிரி ஆகலாம். இந்த வடிவத்துக்குன்னே ஸ்பெஷலா இன்னொரு தொல்லை இருக்கு. பழைய மடிப்போட கோடு அழியாம நின்னுட்டா கீழ ரெண்டு அடுக்குத் தெரியும். இதுல சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்பிளான்ட்டுகளால ஒரு அரிய வகை நிணநீர்ப் புற்று வரலாம்னு தெரிஞ்சு, அலர்கன் கம்பெனி 2019 ஜூலையில அந்த வகையை உலகம் முழுக்கத் திரும்ப வாங்கிச்சு. ஒரு ரிலீஸையே உலகளவுல ரோல்பேக் பண்ணின கதை. எனக்கு அதைப் படிச்சதுமே இம்பிளான்ட் ஆசை பாதி போயிடுச்சு.

இன்னொண்ணு நம்ம கொழுப்பையே எடுத்து நிரப்பறது. தொடையிலயோ வயித்துலயோ உறிஞ்சு எடுத்து, சுத்தம் பண்ணி, துளித்துளியா ஊசி வழியா ஏத்தறாங்க. ஏத்தினதுல ஒரு பங்கை உடம்பே கரைச்சிடும், அதனால ரெண்டு மூணு தடவை செய்ய வேண்டி வரும். எண்ணெய்க் கட்டி, சுண்ணாம்புப் படிவு வரலாம், பிற்காலத்துல மேமோகிராம் எடுக்கும்போது இன்ன சிகிச்சை நடந்திருக்குன்னு சொல்லிடணும். ஒல்லியா இருக்கறவங்களுக்கு எடுக்கக் கொழுப்பு இருக்காது. அந்தக் கவலை எனக்கு இல்லை, பிரசவத்துக்கப்புறம் ஸ்டாக் நிறையவே இருக்கு :-)

இன்சூரன்ஸ்? ஹி ஹி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா வகுத்த விலக்குப் பட்டியல்ல எட்டாம் நம்பர் இதுதான்: அழகுக்கான சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி. விபத்து, தீக்காயம், புற்றுநோய், இல்லைன்னா மருத்துவரீதியா அவசியம்னு டாக்டர் சான்று கொடுத்தா மட்டும் உண்டு. பிறவி வாகுல பாதிதான் வளர்ந்த உறுப்பை விரிக்கிறது அழகா, அவசியமா? எங்க ஹெச்.ஆர் மேடத்துக்கு விடை தெரியும், அழகு.

இங்கதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி விஷயம் எனக்கு ஞாபகம் வரும். 2018 பிப்ரவரியில, அங்க பிளாஸ்டிக் சர்ஜரி துறையில மார்பக அறுவை சிகிச்சைக்குன்னு இலவசப் பிரிவு ஒண்ணு தொடங்கினாங்க. அளவு கூட்டறது, குறைக்கறது, சரிசமமாக்கறது எல்லாம் ஏழைங்களுக்கு இலவசம். உலகப் பத்திரிகை எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு எழுதிச்சு. அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாதுன்னு அப்போ சுகாதார அமைச்சரா இருந்த விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கற சிகிச்சைக்கே காசு பத்தலை, இது தேவையான்னு பொது சுகாதாரத்துறையில பெரிய பொறுப்புல இருந்தவரே எதிர்ப்புச் சொன்னார். அப்போ நான் காலேஜ் முடிச்சு வேலைக்கு வந்த புதுசு, பெஞ்ச்ல இருந்த பசங்க வாட்ஸ்அப்ல சுத்தின ஜோக்கை நானும் பாத்தேன். மிக்ஸி, கிரைண்டர், அடுத்து இதுவான்னு. அந்தப் பிரிவுக்கு வந்தவங்கள்ல பாரம் தாங்காம தோள்பட்டை, முதுகு வலியில அவதிப்பட்டவங்க உண்டு, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு வெளிய போகவே கூசினவங்க உண்டு. கை அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கின துறை அது. வெட்டுப்பட்ட விரலை ஒட்டறவங்களுக்கு இதுவும் வேலைதான். மாசச் சம்பளமும் ஈ.எம்.ஐ போட ஒரு கார்டும் இருக்கற நான் இத்தனை யோசிக்கிறேன். செம்பாக்கத்துல பூ கட்டி விக்கற ஒருத்திக்கு இதே வளையம் இருந்தா அவ யார்கிட்ட போய் என்னன்னு சொல்லுவா? அந்த ஜோக் எனக்கு இப்ப சிரிப்பு வரலை.

ரெண்டாவதா பார்த்த சர்ஜன் எல்லாத்தையும் வரைஞ்சு காட்டிட்டு பேனாவை மூடி வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க குடும்பம் முடிஞ்சுதாம்மா?" இன்னொரு கர்ப்பம் வந்தா வடிவம் மறுபடி மாறும், கருவட்டத்து ஓரத்துல கீறினா இருக்கற கொஞ்ச பால் குழாயும், உணர்ச்சி நரம்பும் அடிபடலாம். அதனால இன்னொரு குழந்தை வேணும்னா பெத்துட்டு வாங்கன்னார்.

ரங்ஸும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ரெண்டரை வருஷமா பேசாம தள்ளிப் போட்ட விஷயம் அது. கேம்ப் ரோடு சிக்னல் வரைக்கும் யாரும் வாயைத் திறக்கலை. சிக்னல்ல அவர்தான் ஆரம்பிச்சார்.

"எனக்கு ஒண்ணு போதும். உனக்கு?"

"எனக்கும்."

"அப்ப அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"உங்கம்மா, நீங்கதான்."

"சரி, இது ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா? நான் எதுவும் சொன்னேனா?"

சொல்லலைதான். எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுக்காகவா இது? மதுரைக் கதையில தடாதகைப் பிராட்டிக்கு மூணு முலை, வரப்போற புருஷனைப் பார்த்ததும் மூணாவது மறைஞ்சிடும். சின்ன வயசுல கேட்டப்பவே எனக்கு அந்தக் கதையில ஒரு சந்தேகம். அவ ராஜ்ஜியமே ஆண்டா, திக்விஜயம் போனா, அப்பல்லாம் அவளுக்கு அது ஒரு தொந்தரவா இருந்த மாதிரியே தெரியலையே? மறையணும்னு அவ கேட்டாளா? எனக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாத்தா, சின்ன விஷயம்தான். சல்வார் தைக்கக் கொடுக்கும்போது "வலது பக்கம் பேட் வெச்சுத் தைங்க"ன்னு டெய்லரக்காகிட்ட குரலைத் தாழ்த்திச் சொல்லாம இருக்கணும். ஜிம்ல துண்டைப் போத்திக்காம உடை மாத்தணும். இதை ரங்ஸ்கிட்ட சொன்னப்ப "இது போதாதா காரணம்?"னு கேட்டார். போதும்னுதான் நினைக்கிறேன்.

அத்தைகிட்ட அவர் சொல்லிட்டார். ரெண்டு நாள் வீட்டுல குக்கர் விசில் மட்டும்தான் சத்தம். மூணாம் நாள் அத்தை என்கிட்ட வந்து, "ஏம்மா, கொழுப்பை எடுத்து வைக்கிறாங்களாமே, என்கிட்டேர்ந்து எடுக்க முடியாதா?"ன்னு கேட்டாங்க. அடுத்தவங்க கொழுப்பை உடம்பு ஏத்துக்காது அத்தைன்னு சொன்னேன். "அதுவும் ஆகாதா"ன்னுட்டு பூண்டு உரிக்கப் போயிட்டாங்க.

இம்பிளான்ட் வேண்டாம்னு சொல்லிட்டேன். வளையத்தை விரிச்சுக் கொழுப்பு நிரப்பறது, ஆறு மாச இடைவெளியில ரெண்டு தடவை. முதல் தடவைக்குத் தேதி வாங்கியாச்சு. நேத்து லீவ் அப்ளை பண்ணினேன். காரணம்ங்கற இடத்துல "அறுவை சிகிச்சை"ன்னு மட்டும் போட்டேன். மேனேஜர் பதறிப்போய் சீட்டுக்கே வந்துட்டார், "என்னம்மா, எதாவது சீரியஸா?"

"இல்லை சார், ஒரு கிழங்கு"ன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே அப்ரூவ் பண்ணிட்டார் :-)